அடைக்காமல் விட்ட மடை

மே 27, செவ்வாய்

காலையிலேயே அனல். கத்திரி முடிகிற நேரத்தில் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும் போல. மோட்டாருக்கு கிரீஸ் போட வேண்டும். போடவில்லை.

உப்பு வாரப் போன பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். நான்கு பாத்தி. நேற்று வெள்ளைவெளேரென்று இருந்தது, இன்று வெறும் தண்ணீர். கடல் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தேக்கத்து மடையில் அடைப்புப் பலகை இல்லை. இரவெல்லாம் புதுத் தண்ணீர் இறங்கி, வாரத் தயாராக இருந்த உப்பை எல்லாம் கரைத்துவிட்டது.

மேஸ்திரி கத்தினார். "நேத்து கடைசியா மடைகிட்ட இருந்தது யாரு?"

அஞ்சலை. அனுமந்தையிலிருந்து வருபவள். வீட்டுக்குப் போகுமுன் பெண்கள் மடைத் தண்ணீரில்தான் கால் கழுவுவார்கள். பாத்தித் தண்ணீரில் உப்பு அதிகம், பட்டால் கால் வெடிப்பு எரியும். மடையை மோட்டார்காரனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சட்டம். ஆனாலும் சில பேர் பலகையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் கழுவுவதுண்டு.

"கால் கழுவறேன்னு பலகைய புடுங்கிப் போட்டுட்ட. நாளையிலேர்ந்து வராத."

"நான் தொடவே இல்லீங்க."

தொடவில்லைதான். எடுத்தது நான். மோட்டார்காரன். நேற்று சாயங்காலம் கீழ்ப் பாத்திக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். உபவாச ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே பைக்கை எடுத்தேன். அடைக்கவில்லை. ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் நினைவு வரவில்லை.

அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டு போனாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மே 28, புதன்

பெல்ட் லூஸ். கிரீஸ் போட்டாயிற்று. ஞாயிறு வாசிக்க வேண்டிய வேதபாகம் இன்னும் பார்க்கவில்லை.

அஞ்சலை இடத்தில் வேறு ஒரு பெண். உப்பு வாரும் பலகையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடியற்காலை முழங்கால் போட்டு ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம் மோட்டார் ரூமில் மறுபடியும் சொன்னேன். அவரிடம் சொல்வது சுலபம். மேஸ்திரியிடம் போய்ச் சொல்லமாட்டார் என்ற தைரியம்.

மே 30, வெள்ளி

கடல் காற்று. கண்ணெல்லாம் மண். சாப்பாடு இறங்கவில்லை, டப்பா அப்படியே திரும்பி வந்தது.

எஸ்தர் கேட்டுவிட்டாள். மனைவியிடம் எத்தனை நாள் மறைப்பது. சொன்னேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஆண்டவரா அவள வேலைக்கு வராதன்னு சொன்னாரு?"

கோபம் வந்தது. அவள் மேல்தான். என் மேல் வர இன்னும் அரை மணி நேரம் ஆனது.

ஜூன் 1, ஞாயிறு

மேகமூட்டம். வேட்டியில் இஸ்திரிக் கறை.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. பீடத்துக்குப் போகுமுன் மனத்தாபம் இருந்தால் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று பாஸ்டர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். பதினெட்டு வருடமாகக் கேட்கிறேன். எனக்கு யார் மேலும் மனத்தாபமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவேன். என் மேல் யாருக்காவது இருக்குமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இன்று போகவில்லை. மூன்றாவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போனவர்கள் எல்லாரும் திரும்பி வரும்போது என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் பார்க்கவில்லை.

வெளியே ஒருவர், "என்னா தம்பி, ஒடம்பு சரியில்லியா?"

"ஆமாண்ணே" என்றேன். கோயில் வாசலிலேயே ஒரு பொய்.

ஜூன் 2, திங்கள்

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். டீக்கடை ஓரமாக, தனியாக. மடையைத் திறந்தது நான், அடைக்காமல் போனது நான்.

சிரித்தார்! "ஏம்பா, நீ சர்ச்சு ஆளு. அந்தப் பொம்பள பாவம்னு பழிய தூக்கி உன் தலைல போட்டுக்கற. எனக்குத் தெரியாதா உன்ன?"

இல்லை, சத்தியமாக நான்தான் என்றேன். தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

உண்மையை எழுதுகிறேன். அந்த நிமிடம் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்லியாயிற்று, வேலையும் போகவில்லை. மத்தியானம் வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் அனுமந்தை போனேன். ரோடு முழுக்கக் குழி. அஞ்சலை வீட்டு வாசலில் கருவாடு காயவைத்திருந்தாள், அதை அள்ளிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"தெரியும்ண்ணே. நான் கால் கழுவறப்பவே மடை தொறந்துதான் இருந்துச்சு. நீங்க வந்து அடைப்பீங்கன்னு வந்துட்டேன்."

"அத மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கலாமே அஞ்சல."

"அன்னிக்கி சாயங்காலமே போயி சொன்னேனே. ஜெபம் பண்ற ஆளு மேல பழி போடுறியான்னு திட்டி அனுப்பிட்டாரு."

நான் சொன்னாலும் நம்பவில்லை, நேற்றே சொல்லிப் பார்த்தேன் என்றேன்.

"எங்க சொன்னீங்க?"

"டீக்கடைல. தனியா."

கருவாட்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "என்ன எல்லாரு எதிர்லயும்தானே வராதன்னாரு. நீங்களும் எல்லாரு எதிர்லயும் சொல்லுங்க."

ஜூன் 4, புதன்

எஸ்தர் டப்பாவில் இரண்டு முட்டை வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

காலை ஆறேகால். பெண்கள் எல்லாரும் வரப்பில் வந்து நின்றதும் சொன்னேன். மேஸ்திரி, "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா" என்றார். நிறுத்தவில்லை. எந்த மடை, எத்தனை மணிக்கு, பலகையை எந்த வரப்பில் போட்டேன், எல்லாம் சொன்னேன். உபவாச ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன் என்றும் சொன்னேன். மேஸ்திரி முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

கடைசியில் நின்ற ஒரு பெண் கேட்டாள். "அன்னிக்கி என்னாண்ணே வேண்டிக்கிட்டீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. அதனால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க எல்லாருக்கும் வேல நெலைக்கணும்னு."

மேஸ்திரி அங்கேயே நின்று அஞ்சலைக்கு போன் போட்டார். நாளைக்கு வந்துடும்மா என்றார். பேசி முடித்து என் பக்கம் கையை நீட்டினார். மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்தேன்.