கதவுக்கு வெளியே

இன்று மதியம் ஒருவருக்கு மாவுக்கட்டுப் போட்டேன். கானாடுகாத்தானில் பழைய வீடொன்றில் ஓடு மாற்ற ஏறியவர். சாரம் சரிந்து காலை முறித்துக்கொண்டார். நனைந்த மாவு கைக்குள் சூடேறி அந்தச் சுண்ணாம்பு வாசனை எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. “புதுசா வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருக்குடி” என்று முகர்ந்து பார்ப்பாயே.

பயிற்சி டாக்டர்களாக அவசரப் பிரிவில் நம் முதல் வாரம் நினைவிருக்கிறது. ரத்தத்தைப் பார்த்து நான் சுவரோரம் ஒதுங்கினேன். நீயோ கொடுத்த வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே போவாய். அங்கே பரிதவித்து நிற்கும் வீட்டாரிடம், “உள்ளதான் இருக்காக. மூச்சு சீரா இருக்கு. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டு வருவாய். அதற்காகப் பெரிய டாக்டரிடம் திட்டும் வாங்கினாய்.

“பிழைச்சிருவாகளான்னு கேட்டா என்னடி சொல்லுவ?” என்றேன் ஒருமுறை.

“தெரியலைன்னு சொல்லுவேன். தெரிஞ்சதைச் சொன்னாப் போதும். ஒண்ணுமே சொல்லாம நிக்க விடக்கூடாதுடி.”

பயிற்சி முடியும் தறுவாயில், அமராவதிபுதூரிலிருந்து நீ ஸ்கூட்டரில் வந்த காலையில் லாரி மோதியது. ஆம்புலன்ஸ் உன்னை நம் பிரிவுக்கே கொண்டுவந்தது. யாரோ என்று நினைத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினேன். முகத்தைத் துடைத்த பிறகுதான் நீ என்று தெரிந்தது. சிஸ்டர் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

உன் அப்பா வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். காலெல்லாம் சேறு. “உள்ள என்னத்தா பண்றாக?” என்றார். கதவுக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொரு சத்தமும் எனக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. அதுவரை அந்தக் கதவின் இந்தப் பக்கத்தில் நான் நின்றதே இல்லை.

“மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காகப்பா. தலையில அடி. ரத்தம் ஏத்துறாக.”

“எந்திரிச்சிருவாளா?”

“தெரியலப்பா.”

தலையாட்டிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்; நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பெரிய டாக்டர் வெளியே வந்து தயங்கி நின்றபோதே நீ இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “நீயே சொல்லுத்தா” என்றார்.

சொன்னேன்.

மேற்படிப்புக்கும் இதே பிரிவைத்தான் எடுத்திருக்கிறேன். “அங்கயே திரும்பவும் எதுக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள். சாப்பிடக் கூப்பிடுவார்கள், போவேன். ஆனால் ஒருவரைப் பிழைக்க வைத்த நாளிலும், முடியாமல் போன நாளிலும் ஓடிப்போய்ச் சொல்ல ஆளில்லை. விடுதி அறைக்குப் போனால் விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இன்று வேலை முடிந்தும் அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. டாக்டர் கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, மகனை உள்ளே விட்டுவிட்டுக் காத்திருப்பவர், என்னையும் அப்படி ஒருத்தி என்று நினைத்துவிட்டார்.

“உனக்கு உள்ள யாருத்தா இருக்காக?”

“என் கூட்டாளி இருக்காம்மா” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டேன்.