உன் இடத்தில் டேப் பிடித்தவன்

என்னைத் திட்டுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்த சரசக்காவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பெருமாட்டியில் எல்லோரும் நலம். உன் வீட்டு மாமா நல்லேப்பிள்ளியில் நெல் அறுப்பை முடித்துவிட்டார். நீ பார்க்காத என் மகன் இப்போது தவழ்கிறான், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறான்.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. எனக்கு உன்மேல் பொறாமை. செத்துப்போன அக்காமேல் எவனாவது பொறாமைப்படுவானா என்று ஊர் சிரிக்கட்டும்.

விஷயம் பிரா. முகத்தைச் சுளிக்காதே. பிள்ளை பிறந்த பிறகு சுமதிக்குத் தோள்வலி. வார் அழுத்திய இடத்தில் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம். முதுகில் பட்டை மேலே ஏறிக்கொண்டு நிற்கிறது. கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வால்வு பாகங்களை அளந்து தேறும், தேறாது என்று சொல்வது என் பிழைப்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாரத்தைத் தாங்க வேண்டியது உடம்பைச் சுற்றி வரும் பட்டை. அது தொளதொளத்துப் போனதால் வார்கள் தாங்குகின்றன. கப்பும் பத்தவில்லை. மறுபடி அளந்து பார்த்து வாங்கு என்றேன்.

"கல்யாணமான புதுசுல அண்ணி கூட வந்து வாங்கிக் குடுத்த சைஸுங்க. அதெல்லாஞ் செரியாத்தான் இருக்கும்."

பிள்ளை பெற்ற உடம்பு மாறாதா? டாக்டர் சொன்னால் கேட்பாள், அவள் அம்மா சொன்னால் கேட்பாள். இதில் மட்டும் நீ சொன்னதுதான் சட்டம்!

நீ வந்தாலே இரண்டு பேரும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். உள்ளே ஒரே சிரிப்பு. தட்டினால், "போடா சாமி, இங்கெ உனக்கென்ன சோலி?" என்பாய். நீ முதலில் என் அக்கா. அவள் என் மனைவி. என்னால் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டவர்கள் என்னையே வெளியே நிறுத்தினால் எரியாதா?

சரி, நானே வாங்குகிறேன் என்று இறங்கினேன். அவள் குளிக்கப் போன நேரம், கொடியில் காய்ந்த பிராவை எடுத்து மேசைமேல் விரித்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு நூல் பிசகவில்லை. போனில் ஆர்டர் போட்டேன். வந்ததை அவள் போட்டுப் பார்த்தாள். பழையதைவிட மோசம்.

"ஏனுங்க, எதெ அளந்தீங்க?"

"உன் பழசைத்தான்."

கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். "இழுபட்டு இழுபட்டு நைஞ்சதை அளந்தா நைஞ்ச அளவுதானுங்க வரும். உங்க கம்பெனில தேஞ்சுபோன போல்ட்டை அளந்துதான் புதுசு பண்றீங்களா?"

 தோற்கிற இடத்தில் எனக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியும். "எங்க அக்கா அளந்தா மட்டும் செரியா வந்துருமாக்கும்!" என்று கத்தினேன். மகன் அழ ஆரம்பித்தான்.

அவனைத் தூக்கித் தட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "அண்ணி என்னை ஒரு நாளும் அளக்கலீங்க. அளந்தது நானு. டேப்பு முன்னால நேரா இருந்தாலும் முதுகுல சரிஞ்சு போயிரும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. அது சரிஞ்சு போகாம அண்ணி புடிச்சாங்க. அவ்வளவுதான்."

"எங்கிட்டச் சொன்னா நான் புடிக்க மாட்டனா?"

"உங்க கைல டேப்பைக் குடுத்தா நீங்க அளக்க ஆரம்பிச்சிருவீங்க."

அக்கா, என்னை இவ்வளவு சுத்தமாக யாரும் ரிஜெக்ட் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். கையில் தையல் டேப். "முதுகை மட்டும் பாருங்க. நம்பரைப் பாக்கக் கூடாது."

மூச்சை வெளியே விட்டுவிட்டு மார்புக்குக் கீழே இறுக்கமாக ஒரு சுற்று. பிறகு மார்பு நிறைந்த இடத்தில் இறுக்காமல் ஒரு சுற்று. முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்து, டேப்பைத் தரைக்கு மட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியதிலிருந்து சின்னதை அவள் முணுமுணுத்துக் கழித்தாள். அந்த வித்தியாசம்தான் கப். "எத்தனை?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அளவு தெரியாமல் நான் முடித்த ஒரே வேலை இதுதான்.

மறுநாள் சித்தூருக்குத் தனியாக பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். பட்டை முன்னைவிடச் சின்னதாம், கப் பெரியதாம். அவ்வளவுதான் சொன்னாள். இப்போது தோளில் அந்தப் பள்ளம் மறைந்து வருகிறது.

பொறாமை மட்டும் குறையவில்லை. உனக்கு அந்தக் கதவு தானாகத் திறந்தது, எனக்குக் கூப்பிட்டால்தான். அவளிடம் நீ எதையெல்லாம் கேட்காமல் இருந்தாய்? அதையாவது எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

பிள்ளை பால் மறக்கும்போது உடம்பு இன்னொரு தடவை மாறுமாம், மறுபடி அளக்க வேண்டுமாம். கூப்பிட்டால் போவேன். மட்டமாகப் பிடிப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதை முழுக்கப் படித்துவிட்டு சுமதி சொல்கிறாள்: "நாலு பொம்பளைங்களுக்கு உபயோகமாகும், போன்ல எல்லாரும் படிக்கற மாதிரி போடுங்க. சைஸை மட்டும் எழுதீராதீங்க."

எனக்குத் தெரிந்தால்தானே, அக்கா?

வயிற்றெரிச்சல் அடங்காமல்,
உன் ஒரே தம்பி