இலை உருவிய ஆப்பிள் மரம்

என் பிரியத்துக்குரிய முத்துமாரிக்கு,

நீ நட்ட பச்சை ஆப்பிள் மரத்தின் இலைகளை எல்லாம் என் கையாலேயே உருவிப் போட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் மீதியைக் கேள்.

புற்றுநோய்க்கு ஊசி போட்ட நாட்களில் சோறும் குழம்பும் உனக்கு மண்ணாகத் தெரிந்தன. சிவகாசியில் வாங்கி வந்த பச்சை ஆப்பிளைக் கடித்துவிட்டு, "இந்தப் புளிப்பு மட்டுந்தாங்க நாக்குக்குத் தெரியுது" என்றாய். அந்த மாதமே ஒட்டுக்கன்று வரவழைத்துக் கொல்லையில் வைத்தாய். நம் ஊர் ஆனைக்குட்டத்து வெயிலில் ஆப்பிளா என்று தெருவே சிரித்தது. மரம் என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. ஆனால் நீ போய் நான்கு வருடமாகியும் ஒரு பூகூட இல்லை.

கன்று அனுப்பிய நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன். "உங்க ஊர்ல குளிர் கிடையாது, மரம் தூங்காது. தூங்கலேன்னா பூக்காது. இலையப் பூராவும் நீங்களே உருவி விட்டுட்டுத் தண்ணி ஊத்துங்க, தூங்கி எந்திரிச்ச மாதிரிப் பூ விடும்" என்றார். பட்டுப்போகாதா என்று கேட்டேன். "தெம்பா இருந்தாப் பிழைச்சிரும்" என்றார். தெம்பாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை, நம் மகள் பொன்னி கடைக்குப் போன நேரம் பார்த்து உருவினேன். திரும்பி வந்தவள் மொட்டை மரத்தைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அம்மாவுக்கு நோய் முத்திருச்சுன்னு டாக்டர் சொன்னதையும் கடைசி வரைக்கும் எங்கிட்ட மறைச்சீக. இதையும் நான் இல்லாதப்பச் செஞ்சிருக்கீக. இந்த வீட்ல நான் யாருப்பா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தினமும் என்னை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வண்டி வருவதற்குள் கிளையை நகத்தால் கீறிப் பார்ப்பேன். ஒரு நாள் உள்ளே பச்சையாக இருக்கும், மறுநாள் பழுப்பாகத் தோன்றும். கொன்றுவிட்டேனோ என்று வேலையிலும் அதே நினைப்பு.

பதினேழாம் நாள் பொன்னிதான் கூப்பிட்டாள். "அப்பா, இங்கன வாங்க." கிளை நுனியில் மொட்டு. நாலைந்து கொத்துப் பூத்து, மூன்று பிஞ்சு நின்றது. ஒன்று காற்றில் விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் நெல்லிக்காய் அளவில் இருக்கின்றன. நிழலுக்குப் பொன்னி தன் பழைய துப்பட்டாவைக் கட்டியிருக்கிறாள். வெயில் ஏற ஏற நான் வேருக்கு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மாரி, இன்னொன்றும் இருக்கிறது. இருமல் விடவில்லை என்று விருதுநகரில் டாக்டரைப் பார்த்தேன். நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறதாம். மதுரைக்குப் போய்க் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு பத்து நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒன்றும் இல்லாமலும் போகலாம். பிஞ்சு பழுக்கட்டும், அப்புறம் பொன்னியிடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் விஷயத்திலும் இப்படித்தானே தள்ளிப்போட்டேன்?

இன்று சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்து காப்பி குடித்ததும் சீட்டை அவள் கையில் கொடுத்துவிடுவேன். மதுரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
பொன்னியின் அப்பா