"நிவித்திகல மழையே" பாடியவர்

2024 பெப்ரவரி 11
இரத்தினபுரியிலிருந்து கிருஷ்ணகுமார் வந்திருந்தார். பழைய தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர். "நிவித்திகல மழையே" ரெக்கார்டு வந்து ஐம்பது வருடம் ஆகிறதாம், விழா எடுக்கிறார்களாம். ரெக்கார்டில் அம்மா பெயர்தானே இருக்கிறது, பாடியவர் அன்னலட்சுமி என்று. மேடையில் பொன்னாடை, பிறகு அம்மா அந்தப் பாட்டில் இரண்டே வரி பாட வேண்டுமாம். அம்மா அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. நானே சரி என்றுவிட்டேன்.

பெப்ரவரி 12
அம்மா என் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பொழுதோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

பெப்ரவரி 15
கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். உடனே அம்மாவைப் பாடச் சொல்வார்கள். அப்பா இருந்தவரை தொண்டை சரியில்லை என்பாள். அப்பா போன பிறகு, அவர் இல்லாமல் பாடுவதில்லை என்று சபதம். கஹவத்தை டவுனில் அம்மாவுக்குத் திமிர்பிடித்தவள் என்றே பெயர். இன்று எனக்கும் பொறுக்கவில்லை. ரெண்டு வரி பாடினா என்னா கொறஞ்சிரும்? கேட்டேவிட்டேன். அழுகிறாள். எதற்கு?

பெப்ரவரி 18
சொல்லிவிட்டாள். பாடியது அப்பா.

மாசி மாதக் காமன் கூத்தில் எங்கள் தோட்டத்து டிவிஷனுக்கு அவர்தான் ரதி. ரதி வேஷம் எப்போதும் ஆம்பளைதான் கட்டுவது, அது தெரிந்ததுதான். ஆனால் இது? கொழும்பில் ரெக்கார்டுக்குப் பெண் குரல் கேட்டபோது எந்த வீட்டிலும் பொம்பளையை அனுப்பவில்லை. அப்பா போயிருக்கிறார். துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றாராம். இல்லாவிட்டால் அந்தக் குரல் வராதாம். ஆம்பளை பெயர் போட்டால் விற்காது, ஒரு பொம்பளை பெயர் சொல்லு என்றானாம் கம்பெனிக்காரன். கல்யாணம் ஆன புதிது. வாயில் வந்தது பெண்டாட்டி பெயர்.

"எனக்கு ஒரு வரி சுதியா வராது புள்ள," என்றாள் அம்மா. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வீட்டில்கூட முணுமுணுத்ததில்லையாம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? நான் வேறு சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பெப்ரவரி 21
வரமுடியாது என்று சொல்ல போனை எடுத்தேன். அம்மா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஹரி, போவோம். உங்கப்பா பேரு வரட்டும்."

அழைப்பிதழில் அம்மா படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஊரே சிரிக்குமே.

மார்ச் 3
போய் வந்தோம். மேடையில் அம்மா மைக்கை வாங்கினாள்.

"இத நான் பாடலீங்க. எங்க வீட்டுக்காரரு காளிதாஸ் பாடுனது. பேரு மட்டும்தான் எனக்குக் குடுத்தாரு."

சிரித்தார்கள். பின்னால் இருந்த கூத்துக்காரர்கள் முதலில் கைதட்டினார்கள், அப்புறம் எல்லோரும். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். கிருஷ்ணகுமார் விடவில்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கினாள்.

மார்ச் 9
காலையில் ரேடியோவில் அந்தப் பாட்டு. பாடியவர் காளிதாஸ் என்றார்கள். அடுப்படியில் அம்மாவும் கூடவே பாடினாள், சத்தமாக. கர்ணகடூரம். பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அம்மா நிறுத்தவில்லை.