சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, லோரெட்டா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? வயோமிங்கில் பனி இன்னும் விடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்கும் குறைவில்லை. நான் நலம்.

சனிக்கிழமை கைத்துப்பாக்கிக்குத் தோட்டா வாங்கப் போனேன். பதறாதே, சிரிப்பான கதைதான். இருப்பதிலேயே மலிவான பெட்டியை எடுத்தேன். கடைக்காரர் வெண்டல், "ஏம்மா, உன் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு குடியிருக்காங்க?" என்றார்.

"கைக்குழந்தையோட ஒரு பொண்ணு."

"அப்ப இது குறி அட்டையைச் சுட்டுப் பழகத்தான். ஆளையும் துளைச்சு சுவரையும் துளைச்சிடும். வீட்டுக்கு முனையில குழி வெச்சது வாங்கு, அது பெரும்பாலும் உடம்புக்குள்ளயே நின்னுடும். அதையும் சுட்டுப் பாரு. விலை ஜாஸ்தின்னு பூட்டி வெச்சுட்டு, வேண்டிய அன்னிக்குத் துப்பாக்கிக்குள்ள சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவே?"

கடைக்குப் பின்னால் சுட்டுப் பழகும் இடத்திலேயே சுட்டுப் பார்த்தேன். மூன்றாவது தோட்டாவே சிக்கிக்கொண்டது. வெண்டல் சிரித்துக்கொண்டே வேறு பெட்டி கொடுத்தார். முன்பின் தெரியாத மனிதர், பக்கத்து வீட்டுக் குழந்தை வரைக்கும் யோசிக்கிறார்.

பீச் ஜாமும் என் பழைய போர்வையும் அனுப்பு. எத்தனை போர்த்தினாலும் இங்கே குளிர்கிறது. தபால்பெட்டி எண்ணுக்கே அனுப்பு.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டு விலாசம் கேட்காதே. போன தடவை உன் அருமை மாஜி மருமகன் கர்ட்டிஸ் வந்து அழுதான் என்று கொடுத்துவிட்டாய். என் கதவை உடைத்த பிறகும் அவன் அப்படித்தான் அழுதான்.

உன் மகள்,
லோரெட்டா