வீட்டு ஆளுக்குப் பூஜ்யம்

அண்ணா, இதை யாருக்கும் காட்டாதே, உன் அறையில் இருக்கும் நண்பனுக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இதே உறையில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இருக்கும். நாங்கள் எல்லோரும் சுகம், நீ சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் நினைப்பு என்று அது தொடங்கும். அதில் பாதிதான் உண்மை. கீழே வழக்கம்போல அம்மாவின் நாலு வரி இருக்கும், வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே என்று. எழுத்து அம்மாவுடையது போலவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதையும் நான்தான் எழுதினேன். அம்மாவால் இப்போது பேனா பிடிக்க முடியாது.

பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கை விரல்களும் வெந்துவிட்டன, மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான்தான் ஊட்டிவிடுகிறேன். சின்ன வயசுல வாயைத் திறக்காம என்னைப் படுத்துன பாட்டுக்கு இப்போ வட்டியோட வாங்கிக்கிறேன்டி என்று சிரிக்கிறாள். பரீட்சை நேரம், புள்ள பயந்துடுவான், எழுதாதே என்று அவள் சொன்னதால் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் இது உன் தாளிலிருந்து தொடங்கியது, அதனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

மருத்துவமனைக்காரர்கள் நம் பட்டறைக்குக் கொடுக்கும் சலவைத் தொகையைக் குறைத்ததும் அப்பா உன்னிடம் யோசனை கேட்டார் இல்லையா. அதே அளவு படுக்கை விரிப்பை எவ்வளவு குறைந்த செலவில் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கலாம் என்று நீ ஒரு தாளில் போட்டு அனுப்பினாய். அப்பா அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். துணி ஏற்ற வரும் வண்டிக்காரரிடம்கூட, எம்பையன் போட்ட கணக்கு, படிச்சுப் பாரு என்கிறார், அவரோ கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க என்று தப்பித்து ஓடுகிறார். நான் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் கடைசிக் காசுக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது என்று பார், குறைவாகக் கிடைப்பதைக் குறை, அதிகமாகக் கிடைப்பதைக் கூட்டு, எல்லாம் சமமாகும்வரை. அது எனக்குப் புரிந்தது, நியாயமாகவும் பட்டது. அதற்குக் கீழே இயந்திரம், கூலி ஆள், வீட்டு ஆள் என்று எழுதியிருக்கிறாய். முதல் இரண்டுக்கும் எதிரே விலை இருக்கிறது. வீட்டு ஆளுக்கு எதிரே பூஜ்யம்.

அதைப் பார்த்துத்தான் அப்பா, கூலிக்கு வந்துகொண்டிருந்த நெட்டை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். விரிப்புகளைத் தேய்க்கும் அந்தச் சூடான இஸ்திரி உருளைக்கு மாமியார் என்று பெயர் வைத்ததே அவள்தான், சூடு ஏறினால் மாமியாருக்கு மூஞ்சி சிவந்துடுச்சு, சீக்கிரம் துணியைக் குடுங்கடி என்பாள். அவள் ஒரு முனையைப் பிடிப்பாள், அம்மா மறுமுனையைப் பிடிப்பாள், விரிப்பு சுருக்கம் இல்லாமல் உள்ளே போகும். உன் தாளில் ஓர் ஆளைக் குறைத்து இயந்திரத்தை வேகமாக ஓட்டினால் அதே வேலை நடக்கும் என்று இருக்கிறது. நடக்காது அண்ணா. உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் விரிப்புக்கு இரண்டு முனைதான், அது இரண்டு பேரைத்தான் கேட்கும். காலையில் நான் பள்ளிக்குப் போகும்வரை ஒரு முனையைப் பிடித்தேன். நான் போன பிறகு அம்மா இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடினாள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டே, கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும், அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று அப்பா அதைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டார். மடிந்த ஓரத்தைச் சரிசெய்யப் போன அம்மாவின் கை துணியோடு உள்ளே போனது, அதை இழுக்கப் போன மற்றக் கையும் சூட்டில் பட்டது.

கொஞ்சம் நிறுத்தினேன். கூடத்தில் அப்பாவின் இருமல் கேட்டது. இப்போது கேட்கவில்லை. துணி மூட்டை அறையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வலி வந்தால் மாத்திரைக்கு அம்மா என்னைத் தேடி வருவாள், பாவம், கதவை முழங்கையால்தான் இடிப்பாள்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. அன்றைக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவர் காலில் செருப்புக்கூட இல்லை. ஆனால் திரும்பி வந்து உன் தாளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கணக்கு சரியாத்தான் இருக்கு, நாமதான் தப்பா நின்னுட்டோம் என்றார். அடுத்த மாதம் பிறந்ததும் பள்ளிக்கு வந்து என்னை நிறுத்தப்போகிறார். பெரியவன் படிக்கிறான்ல, ஒரு வீட்டுக்கு ஒரு மூளை போதும், இவ மாமியார்கிட்ட நிக்கட்டும் என்கிறார். கம்பியை இன்னும் அவிழ்க்கவில்லை. இப்போது காலையில் ஒரு முனையை அப்பா பிடிக்கிறார், மறுமுனை எனக்கு. எனக்கு உயரம் போதாமல் சோப்புத் தூள் பெட்டிமேல் ஏறி நிற்கிறேன், குனிந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. கனவிலும் அந்த உருளைதான் சுற்றுகிறது.

அண்ணா, நீ ஒவ்வொருவரின் வேலையையும் விலையால் வகுக்கச் சொல்கிறாய். பூஜ்யத்தால் எதையும் வகுக்கக் கூடாது என்று எங்கள் கணக்கு டீச்சர் பிரம்பால் தட்டித் தட்டிச் சொல்வார். வகுத்தால் முடிவே இல்லாமல் போகும். அதனால்தான் அந்தக் கணக்கு எங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறது, எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கொடு என்கிறது. நீ மேலே படிக்கப் புறப்பட்டபோது, படிப்புச் செலவு என்றால் கட்டணம் மட்டும் இல்லை, வேண்டாம் என்று விட்ட சம்பளத்தையும் சேர்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாயே. உனக்கு அப்படி ஒரு விலை இருந்தால் எனக்கும் அம்மாவுக்கும் இருக்காதா? அது எவ்வளவு என்று எனக்குப் போடத் தெரியவில்லை. நீ போடு. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, பூஜ்யமாக மட்டும் இருக்க வேண்டாம். தப்பு உன்னுடையது என்று நீயே எழுது, நான் சொன்னதாக வேண்டாம். நான் சொன்னால் வாய் நீளுது என்பார் அப்பா, நீ சொன்னால் பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்டுவார். நெட்டை அக்காவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும், கம்பியை இறக்க வேண்டும் என்றும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். மாதம் பிறப்பதற்குள் அது இங்கே வந்துசேர வேண்டும், மறந்துவிடாதே. அம்மா உன்னை எப்போதும்போல நல்லா இரு ராசா என்றுதான் வாழ்த்தச் சொன்னாள், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி

கதவு தட்டுகிறது. முழங்கை இல்லை. விரல்