பாலத்தடியில் நிற்காத பேருந்து

இம்பாபா, கெய்ரோ
செவ்வாய்க்கிழமை

மாண்புமிகு போக்குவரத்து இயக்குநர் வக்தி அவர்களுக்கு,

உங்கள் மனைவி இப்திஹால் எழுதுவது. உங்கள் மீது அமைதி உண்டாகட்டும், இங்கே எனக்கு அது இல்லை. கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதம் முழுக்க ‘நீங்கள்’தான்.

நீங்கள் போயிருக்கும் தோஹாவில் உங்களுக்கு விருது கொடுத்த புகைப்படத்தைப் பார்த்தேன். போக்குவரத்துத் திட்டத்தில் புதுமை செய்த தலைவராம். கோட்டு எடுப்பாக இருந்தது. கெய்ரோவில் கேமரா வைத்துப் பயணிகளை எண்ணிய கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினீர்களாம். அந்தப் பேருந்துகள் இன்று காலியாக ஓடுகிற கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

உங்கள் கேமரா ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பவர்களை மட்டும்தான் எண்ணியது. இந்த ஊரில் யார் அப்படி நிற்கிறார்கள்? நடந்துகொண்டே கையைக் குவித்துக் காட்டினால் பிரமிட் சாலைக்கு என்று அர்த்தம், மைக்ரோபஸ் வரும், தாவி ஏறிப் போய்விடுவார்கள். நீங்களும் கல்லூரிக்கு அப்படித்தானே போனீர்கள். காரும் டிரைவரும் வந்ததும் கை காட்டுவது மறந்துபோனதா? ஜனம் நெரிகிற பாலத்தடியில் ஆளே இல்லை என்றது கேமரா. வணிக வளாக வாசலில் சும்மா நிற்கிற காவலாட்களைப் பயணிகள் என்றது. நிறுத்தத்தை அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள். உங்கள் கீழ் தடம் வரைகிற நான் வேண்டாம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். “கையை ஆட்டி வண்டி ஏறுற காலமெல்லாம் மலையேறிப் போச்சு, இப்தி. ஊரை மாத்தப் போறேன் பாரு” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள்.

பேருந்துகள் ஏன் காலியாக ஓடுகின்றன என்று இப்போது விசாரணை நடக்கிறது. நிறுத்தங்களை முடிவு செய்தது நான்தான் என்று அலுவலகம் சாதிக்கிறது. உங்களைக் கேட்டார்களாம், ஞாபகம் இல்லை என்றீர்களாம். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு எந்த ஊரிலும் யாரும் எனக்கு ஒரு பேருந்துத் தடத்தைக்கூட வரையக் கொடுக்கமாட்டார்கள். உங்களுக்கு அது சின்ன விஷயம். எனக்கு வேறு எதுவும் தெரியாது, செய்ய ஆசையும் இல்லை.

உங்கள் அம்மா முட்டிவலியோடு தினமும் பாலத்தடிக்குத்தான் போகிறார். “எம் மவன் விட்ட பஸ்ஸு, நமக்கு நிக்காம போயிருமா” என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கையைக் காட்டுவார். பேருந்து நிற்காமல் போய்விடும். அது ஏன் நிற்காது என்று எனக்குத் தெரியும், இருந்தும் அவரிடம் சொல்லவில்லை. முந்தாநாள் நெரிசலில் மாட்டிய ஒரு டிரைவரை ஜன்னலோரம் போய், தான் யாருடைய அம்மா என்று சொல்லித் திட்டியிருக்கிறார். “என்னை ஏன் திட்டுறீங்க, ஹாஜியம்மா? இங்க நிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதே உங்க மவன்தான். உங்க மருமவ எவ்வளவோ சண்டை போட்டாங்க, எங்க டிப்போவுக்கே தெரியும்” என்றானாம்.

வீட்டுக்கு வந்தவர் மொலோகியாக் கீரையைக் கிண்டியபடியே கேட்டார்: “நெசமாடி?” ஆமாம் என்று தலையாட்டினேன். அடுப்பை அணைத்தார். “ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். பண்ணது எம் மவன்தான்னு நானே சொல்றேன். அவனுக்கு மறந்திருந்தா பெத்தவ ஞாபகப்படுத்துறேன்” என்றார். இரண்டு நாளாக என்னிடமும் பேசுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. கறுப்பு அங்கியை மட்டும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

வக்தி, எனக்காக நீங்கள் எழுத வேண்டாம், அந்த எதிர்பார்ப்பெல்லாம் போய்விட்டது. ஆனால் அம்மா அந்த விசாரணை அறையில் அந்நிய ஆண்கள் முன்னால் நின்று தன் மகனைக் காட்டிக் கொடுக்கும்படி வைத்துவிடாதே. சனிக்கிழமைக்குள் உண்மையை நீயே எழுதி அனுப்பிவிடு. அவரை வீட்டிலேயே இருக்க வைப்பது என் பொறுப்பு.

அல்லாஹ் உன்னை மானத்தோடு வைத்திருக்கட்டும்.

இப்திஹால்